மாடியில் விளைந்தது பக்கத்து வீட்டு அடுப்புக்குப் போகுமா?

பூவரசு | 2024 ஜூன் 8

தாம்பரம் பக்கம் 40 வீடுள்ள குடியிருப்பு எங்களுடையது. அதில் ஆறேழு வீட்டில் மாடித்தோட்டம் போடுகிறோம். உப்பு உரம், பூச்சிமருந்து எதுவும் கிடையாது. இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டு இதில் இறங்கியவர்கள்தான் எல்லோரும். ஆனால் விளைவது அந்தந்த வீட்டோடு நின்றுவிடுகிறது. மற்ற வீட்டுச் சாப்பாட்டுக்கும் தினசரி இது போய்ச் சேரவேண்டும் என்று ஆசை. மாதத்தில் ஒரு ஞாயிறு கீழே கார் நிறுத்துமிடத்தில் இயற்கைச் சந்தை போடலாம் என்கிறார்கள். யாராவது போட்டிருக்கிறீர்களா? ஓடுமா?

மாடிப்படி | ஜூன் 8

ஓடாது.

மாடிப்படி | ஜூன் 9

ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன் என்று மூன்று பேர் கோபித்துக்கொண்டீர்கள். சரி, கணக்கைச் சொல்கிறேன்.

போன மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய் என்று போட்டிருக்கிறது. நாலு பேர் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். நம்மில் யார் அவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது வேறு கதை. பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து செடிப்பையில் கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கும் வீட்டில் நல்ல நாளில் கிடைப்பது அவர்களுக்கே ஒரு வேளைப் பொரியல். இன்று நாலு வெண்டைக்காய், நாளை மறுநாள் மூன்று. முதல் நாள் பறித்தது மூன்றாம் நாள் முற்றலோடு சேரும்போது வதங்கியிருக்கும்.

இதைத் தாண்டியும் ஒரு சங்கடம். ஒரே கட்டடம், ஒரே வெயில், ஒரே விதைப்புப் பட்டம். உங்கள் வீட்டில் அவரை காய்க்கிற வாரம்தான் எதிர்வீட்டிலும் காய்க்கும். ஏழு கடை போட்டு ஏழிலும் அவரைக்காய் இருந்தால் யார் யாரிடம் வாங்குவது? அடுத்த ஞாயிறு ஏழு கடையிலும் ஒன்றும் இருக்காது.

மாதம் ஒருமுறை போடும் சந்தைக்கு வருகிறவர் இரண்டு கட்டு வாங்கி, படம் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டுவிட்டுப் போவார். திங்கட்கிழமைச் சாம்பாருக்கு வழக்கமான கடைக்குத்தான் ஆள் அனுப்புவார். நீங்கள் கேட்டது தினசரிச் சாப்பாடு. அதற்குத் தினசரி என்ன தேவையோ அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாடிப்படி | ஜூன் 9, இரவு

விட்டுப்போனது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்றால் கறிவேப்பிலை. கடையில் கொசுறாகத் தருகிறார்கள் என்று யாரும் மதிப்பதில்லை. இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்திருக்கிறது. காரணம் பூச்சிமருந்து எச்சம். கப்பலில் போவதற்குச் சோதனை உண்டு, நம் தாளிப்புக் கரண்டிக்கு வருவதற்கு ஏது?

எங்கள் மோட்டார் ரூம் ஓரமாக ஒரே ஒரு மரம் தரையில் நிற்கிறது. 24 வீட்டுக்கும் அதுதான். ஒடித்த இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும் என்பதால் ஆளாளுக்கு ஒடிப்பதில் பாதகமில்லை. இலையை உருவாமல் ஈர்க்கோடு ஒடிக்கச் சொன்னால் போதும். எங்கள் கட்டடத்தில் எல்லோர் சாப்பாட்டிலும் தினமும் இருக்கிற ஒரே வீட்டு விளைச்சல் இதுதான். சந்தை, குழு, கூட்டம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

மாடிப்படி | ஜூன் 15

எங்கள் கட்டடத்தில் மாடியில் பறித்ததைப் பகிர வைத்திருக்கும் 'கூடை' பற்றிக் கேட்டவர்களுக்கு.

லிஃப்ட் பக்கத்தில், வாட்ச்மேன் நாற்காலிக்கு எதிரே, பழைய தயிர்க் கிரேட் ஒன்று. அடியில் நனைத்துப் பிழிந்த வேட்டித் துணி, மேலே வாழையிலைத் துண்டு. காலையில் பறித்தவர் வைத்துவிட்டுப் போவார், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். விலை கிடையாது, யார் வைத்தது என்ற சீட்டும் கிடையாது.

ஆரம்பத்தில் ஒருத்தர் தொடவில்லை. ஓசியில் எடுக்கிறோமே என்ற கூச்சம் ஒரு பக்கம். இதை வைத்து என்ன செய்வது என்று தெரியாதது இன்னொரு பக்கம். ஒரு கை மணத்தக்காளிக் காய், இரண்டு கைப்பிடி பசலை இலை, தூதுவளை நாலு கொடி. கல்யாணமாகி இரண்டு வருடமான பெண் இதைப் பார்த்து என்ன செய்வாள்? முதல் மாடியில் இருக்கும் மாமி ஒருவர் பேரப்பிள்ளையின் சிலேட்டைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். எழுதியது இவ்வளவுதான்: 'தூதுவளை. முள்ளை எடுத்துவிட்டு நெய்யில் வதக்கி ரசத்தில் போடவும். இருமலுக்கு நல்லது.' அன்று பத்து மணிக்குள் கூடை காலி.

அதற்குப் பிறகு காய்க்குப் பக்கத்தில் சமைக்கும் பக்குவம் எழுதாமல் யாரும் வைப்பதில்லை. பிரண்டை என்று மட்டும் எழுதினால் கிடந்து காயும். 'பிரண்டைத் துவையல், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கவும்' என்று எழுதினால் போகும்.

மாடிப்படி | ஜூன் 16

ஒருத்தரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு: அப்படி ஒருத்தர் உண்டு. எல்லாக் குடியிருப்பிலும் ஒருத்தர் உண்டு. வாட்ச்மேன் நாற்காலிக்கு எதிரே கூடை இருப்பது சும்மா இல்லை.

மாடிப்படி | ஜூன் 24

இயற்கை விளைபொருள் என்று விற்கச் சான்றிதழ் வேண்டுமா என்ற விவாதம் நீண்டுகொண்டே போகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி இயற்கை விளைபொருள் என்று முத்திரை போட்டுக் கடைவழி விற்க இரண்டு வழி: மூன்றாம் ஆள் வந்து சோதிக்கும் என்பிஓபி (தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்), அல்லது விவசாயிகளே ஒருவருக்கொருவர் உறுதி சொல்லும் பிஜிஎஸ் (பங்கேற்பு உத்தரவாத முறை). சொந்தமாக விளைவித்து நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கே விற்கும் சிறு விவசாயிக்கு, வருட வியாபாரம் 12 லட்சத்துக்குள் என்றால், சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே பூவரசு, உங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு யாரும் வந்து பிடிக்கப்போவதில்லை.

பிஜிஎஸ் எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழு. இவர் வயலை அவரும் அவர் வயலை இவரும் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வரப்பில் காலி மருந்துப் புட்டி கிடந்தால் பக்கத்து வயல்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? அதையே நாமும் செய்யலாம். வாங்குகிறவர்களை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு கண்ணில் பட்டால் அவர்களே கேட்பார்கள்.

நேற்று மாலை கொசு ஒழிப்பு வண்டி வந்து தெரு முழுக்கப் புகை அடித்துவிட்டுப் போனது. மூன்றாம் மாடி வரை வெள்ளையாக ஏறியது. இது எந்தச் சான்றிதழில் வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

மாடிப்படி | ஜூலை 21

ஆடி பிறந்தாயிற்று. ஆடிப்பட்டம் தேடி விதை.

மேலே ஒருவர் 'தையில் பந்தல் அவரை போட்டேன், கொடி மாடியையே மூடியது, ஒரு பூ இல்லை, விதைக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்' என்று எழுதியிருக்கிறார். கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். பந்தல் அவரை பகல் குறைந்து இரவு நீளும் காலத்தில்தான் பூ எடுக்கும். ஆடியில் போட்டால் ஐப்பசி, கார்த்திகை வரை கொடி ஓடி, பனி விழும்போது பூத்து, தையில் காய் கொட்டும். தையில் போட்டால் வெயில் காலம் முழுக்க இலைதான். எப்போது போட்டாலும் காய்க்க வேண்டுமென்றால் செடி அவரை வாங்குங்கள், கோயம்புத்தூர் பல்கலைக்கழக ரகங்கள் இருக்கின்றன.

இன்னொருவர் சுரைக்குக் காலையில் ஆண் பூவைத் தடவியும் பிஞ்சு வெம்பிப் போகிறது என்கிறார். பூசணிக்கும் பரங்கிக்கும்தான் விடியற்காலை. சுரைப்பூ சாயங்காலம் விரியும், அதற்கு வருவது அந்துப்பூச்சி. பீர்க்கனும் சாயங்காலம்தான். ஆறு மணிக்கு மேல் காப்பி குடித்துவிட்டுப் போய்த் தடவுங்கள்.

சுரை விதையைப் பகிர்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குடுவைச் சுரையும் நீட்டுச் சுரையும் அக்கம்பக்கத்து மாடியில் இருந்தால் அடுத்த தலைமுறை எந்த உருவத்தில் வரும் என்று சொல்ல முடியாது. விதைக்கு விடும் பெண் பூவை மலருவதற்கு முன்பே துணியால் கட்டிவைத்து, அதே கொடியின் ஆண் பூவால் தடவி, மறுபடி கட்டுங்கள். தக்காளி, அவரைக்கு இவ்வளவு பாடு இல்லை.

மாடிப்படி | ஜூலை 22

விதை என்றதும் நினைவு வருகிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய நெல் இரண்டு கிலோ கொடுப்பார்கள், அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்ப வேண்டும். அவர் 2018 டிசம்பரில் மறைந்தார், விதைகள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கின்றன. வெறும் கண்காட்சியாக இருந்திருந்தால் அத்தனை ரகம் பரவியிருக்காது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கடன்தான் விவசாயியை விதைக்க வைத்தது.

எங்கள் கூடையிலும் விதைக்கு அதே சட்டம். ஒரு பொட்டலம் எடுத்தால் இரண்டாகத் திரும்ப வேண்டும். காய்க்குச் சட்டம் இல்லை, விதைக்கு மட்டும்.

மாடிப்படி | ஆகஸ்ட் 11

மாடி ஒழுகும், எடை தாங்காது என்று சங்கத்தில் தடை போடுகிறார்கள் என்பவர்களுக்கு. எங்களுக்கும் நடந்தது. அப்போதைய செயலாளர் பைகளைக் கீழே இறக்கச் சொல்லி நோட்டீஸே ஒட்டினார். வாதாடிப் பயனில்லை, அவர் பயத்திலும் நியாயம் உண்டு. நனைந்த செம்மண் பையை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். தோட்டக்கலைத்துறையின் மாடித்தோட்டத் தளையில் (கிட்டில்) தென்னை நார்க்கழிவுக் கட்டி தருவதற்குக் காரணமே எடைதான். நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் மண், ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. பைகளை நடுத்தளத்தில் கொட்டாமல் உத்திரம் ஓடும் வரிசையில், சுவரோரமாக, இரும்பு ஸ்டாண்டின் மேல் வையுங்கள். அடியில் துடைப்பம் போக இடம் இருந்தால் தளம் காயும். காய்ந்த தளத்தைக் காட்டினால் எந்தச் செயலாளரும் மெல்ல இறங்கிவருவார்.

பூவரசு | செப்டம்பர் 9

மாடிப்படி, நீங்கள் சொன்னதையும் மீறிச் சந்தை போட்டோம். நேற்றோடு இரண்டாவது. காய்கறி விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் நடந்தது. ஆனால் வத்தல், வடகம், கறிவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் அத்தனையும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள்.

மாடிப்படி | செப்டம்பர் 9

சபாஷ். அப்படியானால் 'ஓடாது' என்பதைப் பச்சைக் காய்க்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன். பறித்த அன்றே போக வேண்டியது கூடைக்கு, மூன்று மாதம் இருப்பது சந்தைக்கு. மணத்தக்காளி, சுண்டைக்காய், கொத்தவரை, மிதுக்கு எல்லாமே மோரில் ஊறப்போட்டு மாடியிலேயே காயவைக்கக் கூடியவை. நாலு நாலு காயாகச் சேர்த்து வைக்க இதைவிட வழி இல்லை. எனக்கு ஏன் இது முதலில் தோன்றவில்லை என்றால், எங்கள் மாடியில் வத்தல் காயவைத்தால் காக்காய்க்குத்தான் முதல் பங்கு.

மாடிப்படி | அக்டோபர் 6

நவராத்திரி. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வருடா வருடம் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பா எல்லோர் வீட்டுப் பரணிலும் அடுக்கடுக்காக இருக்கிறது. இந்தத் தடவை நாங்கள் சில வீட்டில் பேசிவைத்து, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு காகிதப் பொட்டலத்தில் விதையும் ஒரு கற்பூரவல்லிக் குச்சியும் கொடுக்கிறோம். வெற்றிலையும் மாடிக் கொடிதான். சின்ன இலை, ஆனால் காரம் அள்ளுகிறது.

ஐப்பசி மழைக்கு முன்னால் வைத்தால் குச்சி தண்ணீர் ஊற்றாமலே பிழைக்கும். கார்த்திகைக்குள் எத்தனை வீட்டு ஜன்னலில் கற்பூரவல்லி நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பதாக இருக்கிறேன். சுண்டலும் இந்த ஒன்பது நாளில் வீடுவீடாகப் போகிறது. யார் கூப்பிட்டும் வராதவர்கள் கொலுவுக்கு வருகிறார்கள். நாம் புதிதாக விழா ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

மாடிப்படி | அக்டோபர் 16

வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள். எங்கள் மாடிப்படியில் தொட்டிகள். மற்றவை மழை விட்டபின்.

மாடிப்படி | நவம்பர் 10

இதைச் சில வாரமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டேன்.

எங்கள் தெருவுக்குக் காலை ஏழு மணிக்குக் கீரைக்கார அம்மா ஒருவர் வருவார். தலையில் கூடை, இடுப்பில் சுருக்குப்பை. லிஃப்ட் பக்கத்தில் எங்கள் கிரேட்டைப் பார்த்தார். அதில் அன்றைக்கு நாலைந்து கட்டு அரைக்கீரை. 'நீங்களே வளர்த்து நீங்களே சும்மா குடுத்துக்கிட்டா நா எங்க போவேன் கண்ணு?' என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இயற்கை விவசாயம், மண், விவசாயி வாழ்வு என்று பேசிக்கொண்டே, நம் தெருவில் நடக்கும் ஒரே விவசாயியின் வியாபாரத்தில் கைவைக்கிறோம். சமூகம் என்று நாம் சொல்வது கேட்டுக்கு உள்ளே இருக்கிற 24 வீடு மட்டும்தானா?

அன்று வாசற்படியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துப் பேசினேன். குத்தகை நிலம், கிணற்றுத் தண்ணீர், சிறுகீரையும் தண்டுக்கீரையும் மாற்றி மாற்றி. மருந்து அடிப்பீர்களா என்றேன். 'விக்கிறதுக்கு அடிக்காம முடியுமா? ஓட்ட விழுந்தா ஒருத்தர் வாங்க மாட்டீங்களே. வீட்டுக்குத் தனியா ஒரு பாத்தி இருக்கு, அதுல அடிக்கிறதில்ல.'

அந்தத் தனிப்பாத்தியைத்தான் கேட்டோம். ஓட்டை இருந்தால் இருக்கட்டும், கட்டுக்குக் கூட ஐந்து ரூபாய், வாரம் மூன்று நாள், எடுக்கிற வீடுகள் இவை என்று முன்பே சொல்லிவிடுவது. மழையில் அழுகிப்போனாலும் அந்த வாரப் பணம் உண்டு. கீரை 25 நாள் பயிர் என்பதால் அவருக்கும் பெரிய சூதாட்டம் இல்லை. இப்போது இரண்டு பாத்தி ஆகியிருக்கிறது.

கூடையிலும் ஒரு மாற்றம். அவர் கொண்டுவரும் கீரை எதையும் நாங்கள் இனி வைப்பதில்லை. கொடிப்பசலை, முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை மாதிரி அவர் கூடையில் இல்லாதவை மட்டும்.

மாடிப்படி | நவம்பர் 11

'ஐந்து ரூபாயில் விவசாயி வாழ்வு மாறிவிடுமா' என்ற கிண்டலுக்கு: மாறாது. 1999இல் மதுரையில் உழவர் சந்தை ஆரம்பித்தபோதும் இதே மாதிரி சொன்னவர்கள் உண்டு. விளைவித்தவர் அடையாள அட்டையோடு தராசுக்குப் பின்னால் நின்றார், அவ்வளவுதான் அங்கே நடந்தது. ஆனால் அவரிடம் 'இது எப்போ மருந்து அடிச்சது' என்று முகம் பார்த்துக் கேட்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பொட்டலத்திடம் என்ன கேட்பீர்கள்?

எங்கள் 24 வீட்டின் மாடியில் வருடம் முழுக்க விளைவதைவிட அந்த இரண்டு பாத்தியிலிருந்து வரும் கீரை அதிகம். மாடித்தோட்டத்தை நான் இறக்கிப் பேசவில்லை. கையால் ஒரு பை வெண்டை வளர்த்தவருக்குத்தான் ஓட்டைக் கீரையை வாங்க மனசு வருகிறது. தோட்டம் போடாத வீடுகள் முதல் வாரமே நல்ல இலையாகப் பொறுக்க ஆரம்பித்தன.

மாடிப்படி | டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல் காற்றில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. அவரைக் கொடி அறுபடவில்லை. கயிறு கட்டி நிமிர்த்தியாயிற்று. பூ மட்டும் கொட்டியிருக்கிறது, மறுபடி எடுக்கும். கீரைப் பாத்தியில் முழங்கால் தண்ணீர். இந்த வாரம் காசு மட்டும் போகிறது, கீரை வரவில்லை. ஒரு வீடு முணுமுணுத்தது, மற்றவர்கள் கொடுத்துவிட்டோம்.

மாடிப்படி | 2025 ஜனவரி 13

இன்று திருவாதிரை. களிக்குத் தொட்டுக்கொள்ள ஏழுகறிக் கூட்டு, எங்கள் திருநெல்வேலிக்காரர் வீட்டில் தாளகக் குழம்பு. நாட்டுக்காய்தான் போட வேண்டும், எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். அவரை மூன்று வீட்டிலிருந்து, பிஞ்சு மொச்சை ஒரு வீடு, மாடிப் பரங்கி ஒன்று, கொத்தவரை ஒரு பிடி, சர்க்கரைவள்ளி ஒரு பையைக் கவிழ்த்ததில் நாலு கிழங்கு. வாழைக்காயும் சேனையும் கடையில் வாங்கியது.

ஜூனில் நான் போட்ட கணக்கில் ஒவ்வொரு வீட்டு விளைச்சலும் அடுத்த வீட்டுப் பொரியலுக்குப் போதாது என்றுதானே சொன்னேன். போதாதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கேட்கும் சமையல் நம்மிடம் எத்தனை இருக்கிறது! கூட்டு, அவியல், கதம்ப சாம்பார். கீழே பெரிய அண்டாவில் ஒரே குழம்பாக வைத்து 24 வீட்டுக்கும் வாட்ச்மேனுக்கும் கீரைக்கார அம்மாவுக்கும் தூக்கில் போனது. அம்மா ருசி பார்த்துவிட்டு, பரங்கி முற்றல் பத்தவில்லை என்றார். உண்மைதான், பொங்கலுக்குள் வேண்டும் என்று அவசரப்பட்டுப் பறித்தார்கள்.

மாடிப்படி | பிப்ரவரி 9

மாவுப்பூச்சி. பப்பாளியிலும் செம்பருத்தியிலும் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பியிருப்பதைக் காட்டிப் படம் போட்டவருக்கு. 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் முதலில் தெரிந்து, மல்பெரி, மரவள்ளி என்று பரவி, என்ன மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட குட்டிக் குளவிகள்தான் அடக்கின. கண்ணுக்குச் சரியாகவே தெரியாத அளவு. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

ஆகவே முதலில் தண்ணீர்க் குழாயை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்கால நேரத்தில், இலையின் அடிப்பக்கம். எறும்பு ஏறும் வழியையும் பாருங்கள், பூச்சியின் தேனுக்காக அதற்குக் காவல் நிற்பது எறும்புதான்.

அவரை விதை கேட்டு எழுதியவர்கள் பொறுங்கள். நெற்று கொடியிலேயே காய்கிறது. மாசிக் கடைசியில் உரித்துச் சாம்பல் புரட்டி வைத்த பிறகு சொல்கிறேன். ஒன்று எடுத்தால் இரண்டு, மறக்க வேண்டாம்.